பூபாளத்திலிருந்து பிலஹரி வரை

காலை ராகம் என்றாலே மன அமைதி என்று எழுதிவிடுகிறார்கள். யூடியூபில் தேடிப் பாருங்கள். மன அழுத்தம் குறைய, தியானம் கைகூட, நல்ல தூக்கம் வர என்று தலைப்புப் போட்டு மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகள் கிடைக்கும். ஓடை சலசலக்கும், குருவி கத்தும், அதற்கு மேல் யாரோ புல்லாங்குழலில் பௌளி வாசித்துக்கொண்டிருப்பார்கள். விடியலுக்கான ராகத்தைத் தூங்கப் போகும்போது போட்டுக் கேட்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உறக்கத்தைக் கலைக்கிற ராகங்கள் அவை. பூபாளத்தையும் பௌளியையும் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அவற்றில் எனக்குக் கேட்பது தவிப்பு. இருட்டு போகவில்லை, வெளிச்சம் வரும் என்று தெரியும், ஆனால் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தின் பதற்றம் அந்த ராகங்களின் சுரங்களிலேயே இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

எங்கள் ஊர் நகரி. சென்னையிலிருந்து திருப்பதி போகிறவர்கள் திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் வருகிற முதல் பெரிய ஊர். கடைப் பலகை தெலுங்கில் இருக்கும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் தமிழில் பேசுவார். எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தறிப் பட்டறையில் இரண்டும் கலந்து. நகரியும் பக்கத்துப் புத்தூரும் விசைத்தறி ஊர்கள். நைனாவின் பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது, தறி ராத்திரியெல்லாம் ஓடும். அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். கரண்ட் போனால் தெரு மொத்தமும் ஒரே நொடியில் அடங்கிவிடும். அப்படி விடிகாலையில் கரண்ட் போன நாட்களில் பெருமாள் கோயில் நாயனம் எங்கள் வீட்டுத் திண்ணை வரை முழுசாக வரும்.

வாசித்தவர் எங்கள் தெருக்காரர்தான். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் தாத்தா. மார்கழி மாதம் பொங்கல் பிரசாதத்துக்காக அவர் பின்னாலேயே கோயிலுக்குப் போய்விடுவேன். நாயனத்தின் வாய்ப்பக்கம் பொருத்துகிற சீவாளியை எடுத்தவுடன் ஊதமாட்டார். வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்தபடியே பிரகாரத்தைச் சுற்றி வருவார். கொருக்கைத் தட்டையில் சீவிச் செய்த அந்தச் சின்னத் துண்டு குளிரில் விறைத்துக் கிடக்கும், உதடும் அப்படித்தான். நாயனத்தில் விரல் மட்டும் சுரத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒரே துளையில் மூச்சை அழுத்தியும் தளர்த்தியும், உதட்டை இறுக்கியும் விட்டும்தான் 'ரி' என்கிற ரிஷபத்தைத் துல்லியமாக நிறுத்த வேண்டும். உதடும் சீவாளியும் பதத்துக்கு வரும் வரை மேல் ஸ்தாயிப் பக்கமே போகமாட்டார். கீழேயே, 'ஸ' என்கிற ஷட்ஜத்தைச் சுற்றியே, ரிஷபத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார். நேரம் போகப் போகத்தான் 'ப' என்கிற பஞ்சமத்தைத் தாண்டுவார்.

எனக்குப் பிலஹரி என்றால் உயிர். பாட்டு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் முதலில் கற்கிற ஸ்வரஜதி 'ராரவேணு' பிலஹரிதானே. "தாத்தா, பிலஹரி வாசிங்க தாத்தா" என்று நச்சரிப்பேன். அவர் சீவாளியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "இரும்மா, இன்னும் வெளுக்கல. இப்பவே பிலஹரிக்குப் போய்ட்டா பொழுதுக்கு என்னா மரியாதை?" என்பார்.

அந்த 'வெளுக்கல' என்பதை நான் ரொம்ப நாள் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பாட்டை முறையாகக் கற்று, ஒவ்வொரு ராகத்தின் சுரத்தையும் தனித்தனியாக நிறுத்திப் பாடத் தொடங்கிய பிறகு, அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. நாலு ராகங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பூபாளம், பௌளி, மலயமாருதம், பிலஹரி.

பூபாளத்தில் ஐந்தே சுரம். ஸ, ரி, க, ப, த. ரிஷபம் சுத்த ரிஷபம், காந்தாரம் சாதாரண காந்தாரம், தைவதம் சுத்த தைவதம். தாழ்ந்தும் உயர்ந்தும் அசையக்கூடிய மூன்று சுரங்களுமே தாழ்ந்த நிலையில் இருக்கின்றன. ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. அவற்றை ஒட்டி அரைச் சுரம் மேலே உட்கார்ந்திருக்கும் ரியும் தவும் எந்நேரமும் கீழே சரியப் பார்க்கும். தம்பூராவைப் போட்டுக்கொண்டு சுத்த ரிஷபத்தில் நீங்களே ஒரு மூச்சு நின்று பாருங்கள். தம்பூராவின் ஷட்ஜத்தோடு அது உரசும். காதுக்குள் ஒரு நடுக்கம் கேட்கும். இறங்கி ஷட்ஜத்தில் சேர்ந்தால்தான் நிம்மதி. ஆனால் பூபாளம் அந்த நிம்மதியை உடனே தராது. மறுபடி ரிஷபத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். இதைச் சாந்தம் என்று எப்படிச் சொல்வது?

பௌளிக்கு வந்தால் ரியும் தவும் அப்படியேதான் இருக்கின்றன. காந்தாரம் மட்டும் திறந்துவிடுகிறது. அது இப்போது அந்தர காந்தாரம். இறங்கும்போது காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த 'நி', கூடுதலாக வரும். ஒரே ஒரு சுரம் ஏறியதில் முகமே மாறிவிடுகிறது. ஷட்ஜத்தை ஒட்டியிருந்த ரிஷபத்திலிருந்து ஒரு பெரிய தாவலில் காந்தாரம், அங்கிருந்து இன்னொரு பெரிய தாவலில் பஞ்சமம். பௌளி பாடுகிறவர்கள் அந்தக் காந்தாரத்தில் வந்து நிற்கும்போது யாரோ நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட உணர்வு எனக்கு எப்போதும் வரும். தியாகராஜர் ராமனை எழுப்பும் 'மேலுகோவய்ய' பௌளியில்தான் இருக்கிறது.

மலயமாருதத்தில் தைவதம் திறக்கிறது. சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். கீழே ரிஷபம் மட்டும் இன்னும் சுத்த ரிஷபமாகவே நிற்கிறது. மேல் பாதி வெளுத்துவிட்டது, கீழ்ப் பாதியில் இருட்டு பாக்கி. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் நகரி மலை மூக்கு வைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். காலையில் அந்த மூக்கில் வெயில் பட்டுவிடும், அடிவாரத்து வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மலயமாருதத்தின் நேரம் என்றால் என் மனதில் அதுதான்.

பிலஹரியில் ரிஷபமும் திறந்துவிடுகிறது. சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். ஏறும்போது மோகனத்தின் ஐந்து சுரங்கள், இறங்கும்போது சங்கராபரணத்தின் ஏழும். உரசல் தீர்ந்தது. நன்றாக விடிந்துவிட்டது.

முதலில் காந்தாரம், அப்புறம் தைவதம், கடைசியில் ரிஷபம். கடைத்தெருவில் டீக்கடை, பூக்கடை, மளிகைக்கடை என்று ஒவ்வொரு ஷட்டராகத் தூக்குகிற மாதிரி சுரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வருகின்றன. இப்படி வரிசை கட்டிப் பார்த்தது நான்தான். ராக இலக்கணம் சொல்லும் லட்சண நூலில் இருப்பதாகச் சொல்லவில்லை. ராகம் என்பது வெறும் ஆரோகண அவரோகணமும், அதாவது சுரங்கள் ஏறி இறங்கும் வரிசையும் இல்லை, ராகத்துக்கே உரிய பிடியும் சுரத்தை அசைக்கிற கமகமும் சேர்ந்தால்தான் ராகம். ஆனாலும் கோயில் நாயனத்தில் திருப்பள்ளியெழுச்சிக்குப் பூபாளமும் பௌளியும், நன்றாக விடிந்தபின் பிலஹரி என்று வருகிற வழக்கத்தோடு இது பொருந்திப்போவதைக் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மூன்று ராகங்களிலும் 'ம' என்கிற மத்யமமே கிடையாது. பிலஹரியிலும் ஏறும்போது இல்லை. நாலுமே காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவித்தான் ஏறுகின்றன. அந்தத் தாவலில் ஒரு துணிச்சல் இருக்கிறது. படுத்துக் கிடக்கிறவன் செய்கிற காரியம் இல்லை அது.

நம்மிடம் மத்யமம் இல்லாமல் நடக்கிற இந்தக் காரியத்தை வடக்கே மத்யமத்தை வைத்தே விளக்கினார்கள். இந்துஸ்தானி இசைக்கு இலக்கணம் வகுத்த பாத்கண்டே (1860–1936) சொன்னது இது. அந்தியும் சந்தியுமான நேரங்களில் பாடுகிற ராகங்களில் ரிஷபம் தாழ்ந்திருக்கும், காந்தாரம் உயர்ந்திருக்கும். விடியலா அந்தியா என்பதை மத்யமம் காட்டிக்கொடுக்கும். தாழ்ந்த மத்யமமான சுத்த மத்யமம் என்றால் காலை, உயர்ந்ததான பிரதி மத்யமம் என்றால் மாலை. பைரவ் காலையில், பூர்வி மாலையில். நம் கணக்கில் சொன்னால் பைரவின் சுரங்கள் மாயாமாளவகௌளையின் சுரங்கள். அதே மாயாமாளவகௌளையில் மத்யமத்தை மட்டும் அரைச் சுரம் ஏற்றினால் பந்துவராளி. ஒரு விரலை நகர்த்தினால் விடியல் அந்தியாகிவிடுகிறது. வீணையில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். மாயாமாளவகௌளையை வாசித்துக்கொண்டே வந்து மத்யமத்தை மட்டும் ஒரு மெட்டு மேலே வைத்தால், அறையில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கும்.

சுரம் ஒன்றாகவே இருந்தாலும் நேரம் மாறும் என்பதற்கும் வடக்கில் நல்ல உதாரணம் இருக்கிறது. நம் மோகனத்தின் ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு அவர்கள் சாயங்காலத்தில் பூபாலி பாடுகிறார்கள், காலையில் தேஷ்கார் பாடுகிறார்கள். பூபாலியில் காந்தாரம் ராஜா, தேஷ்காரில் தைவதம் ராஜா. பூபாலி கீழ்ப் பாதியில் நிதானமாக உலவும். தேஷ்கார் மேல் பாதியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து இறங்கி வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே சுரங்கள் என்று நம்பவே முடியாது.

வடக்கத்தி ராகமான லலித்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. இரவின் கடைசியில், விடிந்தும் விடியாத நேரத்தில் பாடுவது. அதில் பஞ்சமமே கிடையாது. காலூன்ற ஷட்ஜத்தை விட்டால் வேறு இடமில்லை. அது போதாதென்று இரண்டு மத்யமங்களும் பக்கத்துப் பக்கத்தில் வரும். உயர்ந்த மத்யமத்திலிருந்து தாழ்ந்த மத்யமத்துக்குச் சறுக்கி வரும் அந்தப் பிடியைக் கேட்கும்போது, எந்த மத்யமத்தை நம்புவது என்று மனது தடுமாறும். விலம்பித் என்கிற மெதுவான காலத்தில் ஒரு மணி நேரம் லலித் கேட்டுவிட்டு 'மனசு லேசாச்சு' என்று சொல்ல என்னால் முடியாது. மனசு கூர்மையாகும். அதுவே அந்த ராகத்தின் கொடை என்பேன்.

இதெல்லாம் வெறும் பழக்கதோஷம், சின்ன வயதிலிருந்து காலையில் கேட்டதால் காலை மாதிரி தெரிகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. வடக்கே முற்பகலில் பாடுகிற மியான் கி தோடியின் சுரங்கள் நம் சுபபந்துவராளியின் சுரங்கள்தான். நமக்கு அது காலை ராகமாகவே படாது. சோகம் என்றால் முதலில் நினைவுக்கு வருகிற ராகம். அகில இந்திய வானொலி காலையில் தொடங்கும்போது வரும் அந்த முகப்பு இசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த வால்டர் காஃப்மன் 1936-இல் அமைத்தது, சிவரஞ்சனியின் சாயல் கொண்டது. சிவரஞ்சனியை யாரும் காலை ராகம் என்று சொல்வதில்லை. ஆனால் வானொலியோடு வளர்ந்த என் தலைமுறைக்கு அந்த இசை கேட்டால் பல் விளக்கும் நேரம்தான் ஞாபகம் வரும்.

சரி, மற்றப் பாதி? பூபாளத்தின் அதே ஐந்து சுரங்களில் வடக்கே பூபால் தோடி இருக்கிறது, அதுவும் காலைக்கானது. நம் ரேவகுப்தியின் சுரங்களில் அவர்களுடைய விபாஸ் இருக்கிறது, அதுவும் விடியலுக்கு. இரண்டு மரபுகளும் பல நூற்றாண்டுகளாகத் தனித்தனி வழியில் போனவை. தோடியில் முரண்படுகிறவர்கள், ஷட்ஜத்தை ஒட்டித் தாழ்ந்த ரிஷபமும் பஞ்சமத்தை ஒட்டித் தாழ்ந்த தைவதமும் உள்ள இந்த ஐந்து சுர ராகங்களில் மட்டும் ஒரே நேரத்தைச் சொல்கிறார்கள். காதுக்கும் நேரத்துக்கும் ஏதோ ஓர் உறவு இருப்பதால்தான் இது நடக்கிறது என்பது என் எண்ணம். எழுந்தவுடன் யாருக்கும் குரல் தாழ்ந்துதான் இருக்கும். உடம்பு மேலே போக மறுக்கும் நேரத்தில், சுரங்களும் தாழ்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிற ராகம் பொருந்திப்போவதில் ஆச்சரியம் என்ன?

தமிழில் இந்த நேரக்கணக்கு மிகப் பழையது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பகற்பண் வரிசையில் முதலில் வருவது புறநீர்மை. இன்றைக்கு ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் காளஹஸ்திக்குச் சம்பந்தர் பாடிய பதிகங்கள் இரண்டில் ஒன்று இராப்பண்ணான கொல்லியிலும், இன்னொன்று பகற்பண்ணான சாதாரியிலும் இருக்கின்றன. ஒரே ஊருக்கு, ஒரே சாமிக்கு, இரவுக்கு ஒன்று பகலுக்கு ஒன்று. அந்தச் சாதாரியை இன்று பந்துவராளியில் பாடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழக்கம் தன் வேலையை அங்கே காட்டியிருக்கிறது.

திருமலைக்கு வருவோம். விடியலுக்கு வெகு முன்பே சுப்ரபாதம் தொடங்கிவிடும். 'கௌசல்யா சுப்ரஜா' என்று தொடங்கும் முதல் சுலோகம் வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்திலிருந்து வந்தது. சரயு நதிக்கரையில் படுத்திருக்கும் ராமனை விசுவாமித்திரர் எழுப்புகிறார். எழுந்திரு, செய்ய வேண்டிய கடமை காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். வேள்வியைக் காக்க அரக்கர்களோடு மோதப் போகிற பையனை எழுப்பும் பாட்டு அது. மார்கழி பிறந்துவிட்டால் சுப்ரபாதம் நின்று அதன் இடத்தில் திருப்பாவை வந்துவிடும். எங்கள் ஊர்க் கோயிலிலும் தெலுங்குக்காரப் பெண்கள் தெலுங்கு எழுத்தில் அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு 'கீசு கீசு என்றெங்கும்' பாடுவார்கள். ழகரம் சில இடத்தில் உருளாது, பாவம் ஓர் இடத்தில்கூடக் குறையாது.

திருப்பாவைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) அமைத்த மெட்டுகள்தான் கச்சேரிகளில் நிலைத்துவிட்டன. முதல் ஐந்து பாசுரங்களுக்கும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராக பஞ்சகத்தை அப்படியே வைத்தார். முப்பதும் விடியல் பாட்டுகள். ஆனால் முப்பதுக்கும் விடியல் ராகம் என்று அவர் போகவில்லை. பெஹாக்கும் உண்டு, சிந்துபைரவியும் உண்டு. அவ்வளவு சுதந்திரம் எடுத்துக்கொண்டவர் இரண்டு இடங்களில் என்ன செய்தார் பாருங்கள். 'கீழ்வானம் வெள்ளென்று' பாசுரத்துக்குக் காலை ராகமான தன்யாசியை வைத்தார். குகையில் உறங்கிய சிங்கம் 'அறிவுற்றுத் தீவிழித்து', பிடரி மயிர் பொங்க, உதறி எழுந்து, மூரி நிமிர்ந்து, முழங்கிப் புறப்படுகிற 'மாரிமலை முழைஞ்சில்' பாசுரத்துக்குப் பிலஹரி. தூக்கம் கலைவதை இதைவிட நுணுக்கமாக யாரும் பாடவில்லை. முதலில் கண், பிறகு பிடரி, பிறகு உடம்பு, கடைசியில் குரல். அந்த வரிசையைப் பிலஹரியின் ஏற்றம் தாங்கிக்கொண்டு போவதைக் கேட்கக் கேட்க அலுக்காது.

அன்னமாச்சாரியார் (1408–1503) கீர்த்தனங்களைப் பொறித்த செப்பேடுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் ராகத்தின் பெயர் இருக்கிறது. மெட்டு இல்லை. பூபாளம், பௌளி, தேசாக்ஷி என்று பெயர்களைப் படிக்கும்போது, இந்தப் பாட்டு எந்த நேரத்தில் பிறந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பௌளியில் இன்று நாம் கேட்கிற 'ஸ்ரீமந்நாராயண' எம்.எஸ். குரலில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. மெட்டு பிற்காலத்தது. அதனால் அதன் மதிப்பு குறையவில்லை.

எங்கள் வட்டாரத்துக்கு இந்த விடியல் ராகங்களோடு இன்னும் நெருக்கமான உறவு ஒன்று உண்டு. திருத்தணி மலையில் கிழவர் வடிவில் வந்த முருகன் முத்துசுவாமி தீட்சிதரின் வாயில் கற்கண்டைப் போட்டாராம், அவர் உடனே பாடிய முதல் கிருதிதான் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்பார்கள். ராகம் மாயாமாளவகௌளை. பௌளிக்கும் ரேவகுப்திக்கும் தாய் ராகம். பாட்டுக் கற்கிற ஒவ்வொரு பிள்ளையும் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில்தான் தொடங்குகிறது. விடியற்காலையில் எழுப்பி உட்காரவைத்து முதல் முதலாக வாயில் வரவைக்கிற ரிஷபமே அந்தத் தாழ்ந்த, உரசுகிற ரிஷபம். எளிதான சுரம் இல்லை அது. அதில் ஒரு பிள்ளை நிற்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று என் ஆசிரியை சொல்வார். வடக்கே பைரவில் அந்த ரிஷபத்தையும் தைவதத்தையும் மெதுவாக ஆட்டி ஆட்டிப் பாடுவார்கள், அந்தோலனம் என்று அதற்குப் பெயர். எங்கள் ஆசிரியை ஆட்டவிடமாட்டார். அசையாமல் நில் என்பார்.

இந்தப் பக்கம் புத்தூர். தியாகராஜர் திருப்பதி யாத்திரையில் புத்தூர் வழியாக வந்தபோது, கிணற்றில் விழுந்து இறந்துபோன ஒருவனின் மனைவி கதறுவதைக் கண்டு 'நா ஜீவாதார' பாடினார், அவன் உயிர் பெற்றான் என்று ஒரு செவிவழிக் கதை. ராகம் பிலஹரி. அற்புதத்தை நம்புகிறவர் நம்பலாம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது ராகத் தேர்வு. கதையைச் சொல்லிக்கொண்டு வந்த ஜனங்களுக்கு, செத்தவனை எழுப்புகிற ராகம் எது என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. எழுந்து நிற்க வைக்கிற ராகம் என்று பிலஹரியை அவர்கள் காதாலேயே அறிந்திருக்கிறார்கள்.

கச்சேரி என்பது மாலை நேரத்து விஷயமாக ஆன பிறகு இந்த ராகங்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. பிலஹரி எந்த நேரத்திலும் தாக்குப்பிடிக்கும், மலயமாருதமும் ஓரளவு சமாளிக்கும். பூபாளத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்து நான் கச்சேரியில் கேட்டது மிக அபூர்வம். இரவு எட்டு மணிக்குப் பௌளி பாடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நல்ல பாடகர் எந்த நேரத்திலும் விடியலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். ஆனால் இந்த ராகங்களில் ஒன்றையாவது அதன் நேரத்திலேயே, இருட்டில் தொடங்கி வெளுக்கும் வரை, வேறு வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஹெட்போன் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் பூபாளம் இன்னும் தொழிலாகவே உயிரோடு இருப்பது கல்யாணங்களில். தெலுங்குக் கல்யாணங்களில் முகூர்த்தம் பெரும்பாலும் நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ வந்து விழும். தமிழ்க் குடும்பமும் தெலுங்குக் குடும்பமும் சம்பந்தம் செய்துகொள்வது இங்கே சகஜம். எனவே விடியற்காலை நாலு மணிக்கு நாயனக்காரர் தேவைப்படுகிறார். தாத்தா போய்விட்டார், அவர் பேரன் இப்போது வாசிக்கிறான், திருப்பதியில் முறையாகக் கற்றவன். போன தை மாதம் புத்தூரில் ஒரு கல்யாணம், முகூர்த்தம் நாலரைக்கு மேல். மண்டபத்தில் பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பூபாளத்தைக் கீழிருந்து எடுத்தான். தாலி ஏறும் நேரத்தில் கெட்டிமேளம், எல்லோரும் திடுக்கிட்டு எழுந்து அட்சதை போட்டார்கள். அது முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மேடையோரம் வந்து, "தம்பி, ஏதாவது ஜோரா ஒண்ணு வாசிப்பா, பிலஹரி கிலஹரி" என்றார். அவன் மண்டபத்து வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆகட்டும் மாமா, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்" என்று சொல்லிப் பௌளியை ஆரம்பித்தான்.